ஜவ்வு விலகினால் உடனே ஆபரேஷனா?

பட்டாசு ஆலையில் நாள் முழுக்கத் தரையில் அமர்ந்து குனிந்தபடி வேலை. அச்சகத்தில் காகிதக் கட்டுகளைத் தூக்கி இறக்கும் வேலை. நாரணாபுரம், சிவகாசி வட்டாரத்தில் இடுப்பு வலி காலுக்கு இறங்குவது புதிதல்ல. ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'டிஸ்க் பிதுங்கியிருக்கிறது' என்ற ஒரு வரியைப் பார்த்ததும் நகையை அடகு வைத்தாவது ஆபரேஷன் செய்துவிட வேண்டும் என்று குடும்பமே கலங்கிப் போகிறது. பெரும்பாலோருக்கு அந்த அவசரம் தேவையில்லை.

முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருப்பதுதான் டிஸ்க். அதன் வெளிவளையம் கிழிந்து, உள்ளிருக்கும் கூழ் பிதுங்கி நரம்பை உரசினால் வலி பிட்டத்திலிருந்து பாதம் வரை இழுக்கும். அல்லாஹ் நம் உடலில் வைத்திருக்கும் ஏற்பாட்டைப் பாருங்கள்: பிதுங்கிய கூழை உடலே மெல்லக் கரைத்துவிடுகிறது. பெரிதாகப் பிதுங்கியதுதான் பல நேரம் நன்றாகச் சுருங்குகிறது. பெரும்பாலோருக்கு 6 முதல் 12 வாரங்களில் வலி குறைந்துவிடும். 1994இல் அமெரிக்காவில் முதுகுவலியே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தபோது, பாதிப் பேருக்கு மேல் டிஸ்க் புடைத்திருந்தது. ஆகவே ஸ்கேன் படத்தை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது.

அந்த வாரங்களில் என்ன செய்வது? படுத்தே கிடப்பது நல்லதல்ல. வலி கடுமையாக இருக்கும் ஓரிரு நாள் ஓய்வு போதும்; பிறகு தாங்கும் அளவுக்கு நடக்க வேண்டும். வலி மாத்திரையை டாக்டர் சொன்ன நாட்களுக்கு மட்டும் சாப்பிடுங்கள். மெடிக்கலில் நாமே கேட்டு வாங்கி மாதக்கணக்கில் விழுங்கினால் வயிறும் சிறுநீரகமும் கெடும். இடுப்பு பெல்ட்டை நாள் முழுக்கக் கட்டிக்கொண்டே இருந்தால் தசை பலவீனமாகும். முதுகில் ஏறி மிதிப்பது, வெடுக்கென்று இழுத்துவிடுவது இரண்டும் ஆபத்து. வலி சற்றுத் தணிந்ததும் பிசியோதெரபிஸ்ட் கற்றுத்தரும் பயிற்சிதான் உண்மையான சிகிச்சை. பலர் ஒரு வாரத்தில் அதை நிறுத்திவிடுகிறார்கள், வலி திரும்பி வருகிறது. அதற்கும் அடங்காத கால்வலிக்கு நரம்பருகே ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். அது தற்காலிக நிவாரணமே. சர்க்கரை உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், ஊசிக்குப் பின் சர்க்கரை ஏறும்.

ஆலைத் தொழிலாளிக்கு ஈ.எஸ்.ஐ. இருந்தால் சிகிச்சையை அங்கேயே கேட்கலாம். நடமாட முடியாதவர்களுக்கு அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வருகிறது.

தொழுகையைப் பற்றியும் கேட்கிறார்கள். நிற்க முடியாதவர் உட்கார்ந்தும், அதுவும் முடியாதவர் படுத்தும் தொழ நபி (ஸல்) அவர்கள் அனுமதி தந்திருக்கிறார்கள். குனிவது நோயைக் கூட்டும் என்று டாக்டர் சொன்னால் ருகூவையும் ஸஜ்தாவையும் சைகையால் செய்யலாம். ஸஜ்தாவுக்குச் சற்றுக் கூடுதலாகத் தலை தாழ்த்த வேண்டும். சலுகை இருக்கும்போது வலியை மறைத்துக்கொண்டு ஸஜ்தா செய்வது பேணுதல் ஆகாது.

ஆனால் சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ தன்னையறியாமல் போனாலோ, மலவாயைச் சுற்றி மரத்துவிட்டாலோ, இரு கால்களும் பலமிழந்தாலோ பொறுத்திருக்க நேரமில்லை. அன்றே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். அவர்களுக்கு ஆபரேஷன் தாமதித்தால் அந்தப் பாதிப்பு நிரந்தரமாகிவிடலாம். செருப்பு காலில் நிற்காமல் கழன்று விழும் அளவுக்குப் பாதம் தொங்கினாலும் நாளைக் கடத்தாதீர்கள்.