இன்ஜின் இறக்கினால் இருபதாயிரம் டாலர்

அமெரிக்காவில் பழைய ஏர்கூல்டு (காற்றில் குளிரும் இன்ஜின் கொண்ட) போர்ஷே 911 வைத்திருப்பவர், இன்ஜினை இறக்கி, முழுக்கப் பிரித்து, தேய்ந்ததையெல்லாம் மாற்றி மறுபடி பூட்டித் தரச் சொன்னால், இன்றைக்குக் குறைந்தது 20,000 டாலராவது எடுத்து வைக்க வேண்டும். 30,000, 40,000 என்று போவதும் சாதாரணம். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பு இதே வேலை பத்தாயிரம் டாலர் வாக்கில் முடிந்தது; அப்போது 1980களின் தொடக்கத்தில் வந்த 911 எஸ்சி காரையே 15,000 டாலருக்குள் வாங்க முடிந்தது. அன்று முழுக் காருக்குக் கொடுத்த பணம் இன்று அதன் இன்ஜின் வேலைக்குப் போதாது. பணவீக்கம் இதில் ஒரு பகுதியைத்தான் விளக்கும். மீதிக்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம், இது பணக்காரர்களின் விளையாட்டுப் பொருள், பட்டறைக்காரர்கள் கறக்கிறார்கள் என்பது. அதில் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் பெரிய காரணம் வேறு. இன்ஜினைப் பிரித்து வேலை பார்க்கும் தொழிலே சாதாரணக் கார்களை விட்டு விலகிவிட்டது. ஒரு காலத்தில் கோடிக்கணக்கான வண்டிக்காரர்கள் பகிர்ந்து தாங்கிய அந்தத் தொழிலின் செலவு, இப்போது மிச்சமிருக்கும் கொஞ்சம் கார்களின் தலையில் விழுகிறது.

முதலில் இந்த இன்ஜின் எப்படிப்பட்டது என்று பார்க்க வேண்டும். 1963இல் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் 911 அறிமுகமானது. அதன் இன்ஜினுக்கு உருக்கொடுத்தவர்களில் முதன்மையானவர் ஹான்ஸ் மெட்ஸ்கர். இரண்டு லிட்டரில் தொடங்கிய அந்த இன்ஜின் 3.8 லிட்டர் வரை வளர்ந்து, 1998இல் தண்ணீரில் குளிரும் இன்ஜினுக்கு இடம் விட்டது. மூன்று சிலிண்டர்கள் ஒருபுறமும் மூன்று எதிர்ப்புறமும் படுத்திருக்கும். புல்லட் மோட்டார் சைக்கிளின் சிலிண்டரைச் சுற்றி வரிவரியாகத் துடுப்புகள் இருக்குமே, அப்படித்தான் இதன் ஆறு சிலிண்டர்களுக்கும்; ஒரு பெரிய விசிறி அவற்றின் மேல் காற்றைத் தள்ளும். வெப்பத்தில் கணிசமான பகுதியை ஆயில் சுமக்கிறது என்பதால் பத்து லிட்டருக்கு மேல் ஆயில் பிடிக்கும். சாதாரணக் காரில் எல்லா சிலிண்டரும் ஒரே வார்ப்பில் இருக்கும், மேலே ஒரே ஹெட். இதிலோ ஆறு பேரல், ஆறு ஹெட், ஒவ்வொன்றும் தனித்தனி. கிராங்க் கேஸ் நடுவில் பிளந்த இரண்டு பாதி. இரண்டு கேம் ஷாஃப்ட், இரண்டு டைமிங் செயின். ஆயில் கசிய வாய்ப்புள்ள பொருத்து ஒவ்வொன்றையும் சுத்தம் செய்து, அளந்து, சரியான இறுக்கத்தில் மாட்ட வேண்டும். இறக்கி ஏற்றுவதையும் சேர்த்து எண்பது மணி நேரம் என்பது மிகையான கணக்கல்ல. நல்ல பெயருள்ள பட்டறையில் ஒரு மணி நேரத்துக்கு 200 டாலர் என்று வைத்துக்கொண்டால், ஒரு உதிரிபாகம் வாங்கும் முன்னரே 16,000 டாலர் ஆகிவிடுகிறது.

உதிரிபாகங்களின் கதை இன்னும் சிக்கலானது. 1960களின் கடைசியில் எடையைக் குறைக்க கிராங்க் கேஸை மேக்னீசியத்தில் வார்க்கத் தொடங்கினார்கள். 911இன் இன்ஜின் பின் அச்சுக்கும் பின்னால் தொங்குவது. அங்கே குறையும் ஒவ்வொரு கிலோவும் வளைவுகளில் காரை நிதானப்படுத்தும். ஆகவே அந்த முடிவைக் குறை சொல்ல முடியாது. சின்ன இன்ஜினுக்கு அந்த உலோகம் தாங்கவும் செய்தது. 1974இல் இன்ஜின் 2.7 லிட்டரானது. அமெரிக்காவுக்குப் போன கார்களில் புகை விதிகளுக்காக எக்ஸாஸ்ட் பக்கம் தெர்மல் ரியாக்டர் என்ற சூட்டுப் பெட்டியை மாட்டினார்கள். போதாக்குறைக்கு 1976இல் விசிறியின் பதினொரு இதழ்களை ஐந்தாகக் குறைத்தார்கள். சூடு ஏற ஏற, ஹெட்டையும் பேரலையும் சேர்த்துப் பிடித்திருக்கும் நீளமான ஸ்டட்கள் மென்மையான மேக்னீசியத்திலிருந்து மரையோடு பிய்ந்து வந்தன. 1978இல் எஸ்சி வந்தபோது கிராங்க் கேஸ் மறுபடி அலுமினியத்துக்குத் திரும்பியது. ஆனால் அதற்குள், சூட்டில் அலுமினியத்துக்கு நிகராக விரியும் டிலாவர் என்ற கலப்பு எஃகில் ஸ்டட் செய்திருந்தார்கள். கணக்குப்படி அது சரியான தீர்வு. ஆனால் சாலையின் ஈரமும் உப்பும் பட்டு, அடிப்பக்க ஸ்டட்கள் அரித்து முறிந்தன. வால்வு சரிசெய்ய மூடியைத் திறந்தால் நட்டு தனியாக உள்ளே கிடக்கும். முறிந்தது ஒரே ஒரு ஸ்டட்தான். அதை மாற்ற இன்ஜின் கீழே இறங்கியாக வேண்டும், அந்தப் பக்கத்து மூன்று ஹெட்டும் கழன்றாக வேண்டும். அவ்வளவு தூரம் பிரித்த பிறகு தேய்ந்த வால்வு கைடை அப்படியே விட்டு மூட எந்த மெக்கானிக்குக்கும் மனம் வராது. பில் வளர்வது இப்படித்தான்.

இந்தக் கோளாறுகள் எதுவும் புதியவை அல்ல; நாற்பது ஆண்டுகளாகத் தெரிந்தவை. அன்று அவற்றைச் சரிசெய்யும் செலவு ஏன் குறைவாக இருந்தது? அன்றைக்கு எல்லாக் கார்களுக்கும் இன்ஜின் வேலை தேவைப்பட்டது. அமெரிக்காவில் ஒவ்வோர் ஊரிலும் ரீபோர் செய்ய, கிராங்க் கிரைண்டிங் பண்ண, வால்வு சீட் வெட்ட ஒரு பட்டறை இருந்தது. அவர்களுக்குச் சோறு போட்டது போர்ஷே அல்ல. ஃபோர்டும் ஷெவர்லேயும் ஃபோக்ஸ்வாகனும்தான். அதிலும் ஃபோக்ஸ்வாகன் பீட்டில் 911க்கு நெருங்கிய சொந்தம்: அதே ஏர்கூல்டு முறை, அதே மாதிரித் தனித்தனி பேரல், அதே இரண்டு பாதி கிராங்க் கேஸ். மெக்ஸிகோவின் புவெப்லா ஆலையில் 2003 ஜூலையில் கடைசி பீட்டில் வெளிவந்தபோது மொத்த எண்ணிக்கை இரண்டு கோடியே 15 லட்சத்தைத் தாண்டியிருந்தது. அந்தக் கூட்டத்தின் வேலையில் கை பழகியவர்தான் 911இன் கிராங்க் கேஸையும் லைன் போரிங் செய்து கொடுத்தார். இன்றைய சாதாரணக் கார் இன்ஜின் இரண்டு லட்சம் கிலோமீட்டரைத் திறக்காமலே கடந்துவிடுகிறது. போனால், கழித்த காரிலிருந்து இன்னொன்றை எடுத்து மாட்டிவிடுகிறார்கள். பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடின. இயந்திரங்களும் ஆட்களும் எஞ்சியிருக்கும் சில இடங்கள் வாடகை, கருவி, காப்பீடு, தொழில் பழகும் ஆளின் சம்பளம் எல்லாவற்றையும் பழைய கார்க்காரர்களிடமிருந்துதான் எடுத்தாக வேண்டும்.

இதோடு இன்னொரு கணக்கும் சேர்கிறது. பொருளாதார அறிஞர் வில்லியம் பாமோல் 1960களில், வில்லியம் போவனுடன் சேர்ந்து நாடக, இசைக் குழுக்களின் வரவு செலவை ஆராய்ந்தார். நால்வர் வாசிக்க வேண்டிய இசையை எக்காலத்திலும் நால்வர்தான் வாசிக்க வேண்டும், அதே நேரம்தான் ஆகும். ஆனால் பிற தொழில்களில் உற்பத்தி பெருகிக் கூலி உயரும்போது, இவர்களுக்கும் உயர்த்திக் கொடுக்காவிட்டால் ஆள் கிடைக்காது என்றார். இன்ஜின் கட்டுவதும் அந்த வகைதான். 1980இல் எண்பது மணி நேரம் எடுத்த வேலை இன்றும் எண்பது மணி நேரம் எடுக்கிறது.

கார்களின் விலை ஏற்றம் இதற்குக் காரணமே இல்லையா என்று கேட்கலாம். உண்டு, ஆனால் பலர் நினைக்கும் வழியில் அல்ல. 2010களில் ஏர்கூல்டு 911களுக்குப் பித்துப் பிடித்தது போல விலை ஏறியது. 2016இல் லண்டன் ஏலத்தில் 1990களின் 911 ஜிடி2 ஒன்று 18 லட்சம் பவுண்டுக்கு மேல் போனது. கலிஃபோர்னியாவின் சிங்கர் நிறுவனம் 911இன் 964 வகைக் கார்களைப் பிரித்துப் புதுக்கிக் கட்டத் தொடங்க, யாரும் சீண்டாதிருந்த அந்த வகைக்கும் மவுசு வந்தது. இதனால் மாறியது, 'சரிசெய்தல்' என்று எதை எண்ணுகிறோம் என்பதே. பத்தாயிரம் டாலர் காரில் ரிங்கையும் பேரிங்கையும் மாற்றி மூடுவார்கள். லட்சம் டாலர் காரில் அப்படிச் செய்யத் துணிவதில்லை. புது பிஸ்டனும் பேரலும் கேட்கிறார்கள். பல பேரல்களின் உட்புறம் நிக்கசில் என்ற கடினப் பூச்சு என்பதால் சாதாரண ரீபோரும் எடுபடாது. தவிர, கிராங்க் கேஸில் பொறித்த எண் காரின் ஆவணத்தோடு ஒத்துப்போனால்தான் முழு மதிப்பு. ஆகவே முன்பு தூக்கி எறிந்திருக்கக்கூடிய மேக்னீசியக் கேஸை இன்று வெல்டிங் செய்து, மரை போட்டு, கடைந்து காப்பாற்றுகிறார்கள். அதற்கும் பணம்தான்.

பேராசை என்ற குற்றச்சாட்டுக்கு இங்கே பதில் சொல்லிவிடலாம். கொள்ளை லாபம் இருக்கும் தொழிலுக்குள் புதியவர்கள் முண்டியடித்து வருவார்கள். இங்கே அப்படி நடக்கவில்லை. பெயர் பெற்ற பட்டறைகளில் மாதக்கணக்கில் வரிசைதான் நீள்கிறது. ஒரு சீல் ஒழுங்காக உட்காராவிட்டால் மொத்த இன்ஜினையும் தன் செலவில் மறுபடி இறக்க வேண்டியவர் பட்டறைக்காரரே. அந்த ஆபத்தின் விலையும் பில்லில் இருக்கிறது. சில பட்டறைகள் பெயரைக் காட்டி அதிகம் வாங்குகின்றன என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் பெயரில்லாத பட்டறையிலும் தொகை பாதியாகக் குறைவதில்லை.

தொழில்நுட்பம் செலவைக் குறைத்துவிடும் என்பது அடுத்த நம்பிக்கை. போர்ஷே நிறுவனமே 959 காரின் கிளட்ச் நெம்புகோல் போன்ற அரிய பாகங்களை முப்பரிமாண அச்சில் செய்து தருகிறது. பாகம் கிடைக்காமல் கார் நின்றுபோகாதிருக்க இது உதவும். விலைக்கு உதவுமா என்பது ஐயமே. பில்லின் பெரும் பங்கு அளப்பதிலும் பொருத்துவதிலும் இருக்கிறது, அதை எந்த அச்சு இயந்திரமும் செய்யாது. மின் மோட்டாரை மாட்டிவிடலாமே என்பவர்களுக்கு, இந்தக் காரை வாங்குபவர் அந்த இன்ஜினின் சத்தத்துக்காகத்தான் வாங்குகிறார் என்பதே போதுமான பதில்.

ஏலச் சந்தை சரிந்தால் இன்ஜின் வேலையின் செலவும் சரியும் என்று காத்திருப்பவர்கள் ஏமாறுவார்கள். காரின் விலையை வாங்குபவர்களின் ஆசை தீர்மானிக்கிறது, ஆசை இறங்கலாம். இன்ஜின் வேலையின் விலையைத் தீர்மானிப்பது எஞ்சியிருக்கும் கைகளின் எண்ணிக்கை, அது கூடும் அறிகுறி இல்லை. கார் விலை மட்டும் இறங்கினால், முதலில் கொட்டகையில் நிற்கப்போவது 1974 முதல் 1977 வரை வந்த 2.7 லிட்டர் கார்கள். அவற்றில்தான் செலவு அதிகம், மதிப்பு குறைவு. ஏர்கூல்டு 911 வாங்க எண்ணுகிறவர் பெயிண்டைப் பார்க்கும் முன் ஆறு சிலிண்டருக்கும் காற்றழுத்தம் எவ்வளவு கசிகிறது என்று பார்க்கும் லீக் டவுன் சோதனை செய்து, வால்வு மூடியைத் திறந்து ஸ்டட்களைப் பார்த்து, பழைய வேலைகளின் ரசீதுகளைக் கேட்டு வாங்கிப் படிக்கட்டும். ரசீது இல்லையென்றால் இன்ஜின் வேலைக்கான தொகையைக் காரின் விலையிலேயே கூட்டிக்கொண்டு, பிறகு பேரம் பேசட்டும்.