கொம்புடைய கண்கள்

ஐதராபாத் கடலில்லா நகரம். இங்கு வாழும் தமிழ் மாணவர் பலர் விடுமுறையில் சொந்த ஊருக்குச் செல்லும்போதுதான் கடற்கரையைக் காண்கின்றனர். அந்திவேளையில் மணற்பரப்பைக் கூர்ந்து நோக்கினால், மணல் நிறமுடைய சிறு நண்டுகள் வளையிலிருந்து வெளிப்பட்டு விரைந்தோடுவதைக் காணலாம். தோன்றிய கணமே மறைந்துவிடுவதால் இவற்றைப் 'பேய் நண்டுகள்' என்பர்.

நண்டுக்குத் தமிழில் ஞெண்டு, அலவன், கள்வன் எனப் பல பெயர்கள் உண்டு. ஐங்குறுநூற்றில் நண்டு இடம்பெறும் பத்துப் பாடல்கள் 'கள்வன் பத்து' எனப்படும். எனினும் இப்பெயர்கள் நண்டுகளுக்குப் பொதுவானவை. ஒரு நண்டு இன்ன இனத்தது எனத் துணிய, அதன் உறுப்புகளை ஆராய வேண்டும்.

முதலில் நோக்கத்தக்கது கண். பேய் நண்டின் கண்கள் காம்புகளின்மேல் அமைந்தவை. சில இனங்களில் அக்காம்பு கண்ணுக்கு மேலும் நீண்டு கொம்புபோல் நிற்கும். அத்தகைய இனம் ஒன்றுக்கு 1772இல் பல்லாஸ் என்னும் அறிஞர் 'கொம்புக்கண்' எனப் பொருள்படும் 'செரடாப்தால்மஸ்' என்னும் பெயரைச் சூட்டினார். 'கார்டிமானஸ்' என்னும் மற்றோர் இனத்துக்குக் கொம்பே இல்லை. இவ்விரண்டும் இந்தியக் கடற்கரைகளில் வாழ்கின்றன.

அவ்வாறாயின், கொம்பில்லாத நண்டெல்லாம் கார்டிமானஸ் ஆகுமா? ஆகாது. கொம்புக்கண் நண்டுக்கும் இளமையில் கொம்பு இராது. வளர வளரவே அது நீளும். எனவே, ஓர் அடையாளத்தை மட்டும் நம்பினால் ஓர் இனத்தின் குட்டியை வேறோர் இனமாக எழுதிவிட நேரும்.

அடுத்து நோக்கத்தக்கது பெரிய கொடுக்கின் உட்புறம். கொம்புக்கண் நண்டுக்கு அங்கே சிறு வரம்புகள் வரிசையாக அமைந்திருக்கும். அவ்வரிசையை அக்காலின் அடிப்பகுதியோடு உரசி அது ஒலி எழுப்பும். கார்டிமானஸ் நண்டுக்கு இவ்வரிசை இல்லை. உயிருள்ள நண்டைப் பிடித்துத் துன்புறுத்தாமல், கரையில் ஒதுங்கிய கொடுக்கிலும் இதனைக் காணலாம்.

பிழையாக எழுதினால் என்ன கேடு? மக்கள் நடமாட்டமும் ஊர்திகளும் மிகுந்த கரைகளில் பேய் நண்டுகள் குறைகின்றன. ஆதலால் இவற்றை எண்ணிக் கடற்கரையின் நலத்தை ஆய்வாளர் மதிப்பிடுகின்றனர். பெயர் பிழைபட்டால் ஓர் இனம் குறைவதும் மறைவதும் கணக்கில் தெரியாமற்போகும்.

ஆகவே, கண்ட இடம், பொழுது, மேலோட்டின் அகலம், கண், கொடுக்கு ஆகியவற்றை முதலில் எழுதுக. பெயரை இறுதியில் எழுதுக. ஐயம் நீங்காவிடின், 'இனம் துணியப்படவில்லை' என்று எழுதுக. அதுவும் நேர்மையான விடையே.

பயிற்சி
1. கொம்பை மட்டும் கொண்டு நண்டின் இனத்தைத் துணிதல் ஏன் பிழையாகலாம்?
2. உம் வீட்டருகே காணும் சிற்றுயிர் ஒன்றை, அதன் பெயரைக் கூறாமல், ஐந்து தொடர்களில் விளக்குக.