ஏற்றுமதி வகுப்புக்குப் பணம் கட்டும் முன்

"ஒரே நாளில் ஏற்றுமதியாளர் ஆகலாம்" என்கிற விளம்பரம் வராத கைப்பேசி இன்று தமிழ்நாட்டில் அபூர்வம். முதலில் நூறு ரூபாய்க்கும் குறைவான ஓர் இணைய வகுப்பு. அங்கே முருங்கை இலைத் தூளுக்கு அமெரிக்காவில் என்ன விலை, தேங்காய்க்குத் துபாயில் என்ன விலை என்று படம் போட்டுக் காட்டுவார்கள். வகுப்பு முடிவதற்குள் பல ஆயிரம் ரூபாய்க்கு "அடுத்த கட்ட" வகுப்பு விற்கப்படும். அதைக் கட்டினால் ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்ப்பார்கள். "வெளிநாட்டு பையர் பட்டியல்" தருவதாகவும் சொல்வார்கள்.

வேளாண் பட்டதாரிகள், மண்டி வைத்திருப்பவர்கள், உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களின் இயக்குநர்கள், வளைகுடாவில் உழைத்துவிட்டு ஊர் திரும்பியவர்கள் என்று இந்த வகுப்புகளுக்குப் போகிறவர்களின் தேவை நியாயமானது. நேர்மையாகக் கற்றுக்கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் பயிற்சி, தொடர்பு, சந்தைச் செய்தி ஆகிய மூன்றையும் ஒரே பொட்டலமாகக் கட்டி விற்கும்போது, எதற்கு எவ்வளவு கொடுக்கிறோம், தவறினால் யாரிடம் கேட்பது என்பது வாங்குபவருக்குத் தெரிவதில்லை.

முதலில் பயிற்சி, அதோடு சேர்த்து விற்கப்படும் உரிமங்கள். ஏற்றுமதி செய்யப் பயிற்சிச் சான்றிதழ் வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. வேண்டியது ஐஇசி என்கிற ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டெண். வெளிநாட்டு வணிகத் தலைமை இயக்குநரகமான டிஜிஎஃப்டியின் இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். கட்டணம் 500 ரூபாய். உங்கள் பான் எண்ணே குறியீட்டெண்ணாக வந்துவிடும். ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலத்தில் அதைப் புதுப்பித்து உறுதிசெய்யாவிட்டால் முடக்கப்படும். இதை வகுப்புகளில் பலரும் சொல்வதில்லை, சரக்கு துறைமுகத்தில் நிற்கும்போதுதான் தெரியவருகிறது. காய்கறி, பழம், அரிசி போன்றவற்றுக்கு மத்திய அரசின் வேளாண் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையமான அபீடாவில் பதிவு செய்ய வேண்டும். அதற்கு வரி நீங்கலாக 5,000 ரூபாய், ஐந்தாண்டுக்குச் செல்லும். மசாலாப் பொருள் என்றால் கொச்சியில் உள்ள நறுமணப் பொருள் வாரியத்தின் பதிவு. உணவுப் பொருள் எதுவானாலும் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் உரிமம். ஆடிட்டர் மூலம் செய்தால் அவருடைய கூலி தனி, அதில் தவறில்லை. அரசுக் கட்டணம் எவ்வளவு, உங்கள் கூலி எவ்வளவு என்று பிரித்து எழுதிய ரசீதைக் கேளுங்கள். அதைத் தர மறுக்கிறவரிடம் மேற்கொண்டு எதுவும் வாங்க வேண்டாம்.

முறையாகக் கற்றுக்கொள்ள இடங்கள் இருக்கின்றன. தமிழ்நாடு அரசின் தொழில்முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனம் சென்னையில் ஏற்றுமதிப் பயிற்சி நடத்துகிறது. கோவை வேளாண் பல்கலைக்கழகமும், தஞ்சாவூரில் உள்ள தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமும் பதப்படுத்துதல், மதிப்புக்கூட்டுதல் பயிற்சிகள் தருகின்றன. வேளாண் பட்டதாரிகளுக்கு 2002 முதல் ஒரு திட்டம் இருக்கிறது. ஹைதராபாத்தின் மேனேஜ் நிறுவனம் வழியாக 45 நாள் இலவசப் பயிற்சி தருகிறார்கள். அதன்பின் வங்கிக் கடனுடன் வேளாண் மருந்தகமோ வேளாண் வணிக மையமோ தொடங்கினால் திட்டச் செலவில் 36 விழுக்காடு மானியம் உண்டு. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் அது 44 விழுக்காடு. இவ்வளவு நல்ல திட்டம் நம் பட்டதாரிகள் பலருக்குத் தெரியாமலே கிடப்பது எனக்குப் பெரும் வருத்தம்.

அடுத்தது தொடர்பு. அதிகமாகப் பணம் போவது இங்கேதான். விற்கப்படும் "பையர் பட்டியல்" பெரும்பாலும் இணையத்தில் யாரும் திரட்டக்கூடிய முகவரிகள்தான். பட்டியலில் பெயர் இருப்பதாலேயே ஒருவர் பணம் கொடுப்பவர் ஆகிவிட மாட்டார். காய்கறி ஏற்றுமதியில் அடிக்கடி நடப்பது இது. ஒட்டன்சத்திரத்தில் முருங்கைக்காய் வாங்கி, தரம் பிரித்து, பெட்டியில் அடைத்து, திருச்சி விமான நிலையத்திலிருந்து வளைகுடா நாடு ஒன்றுக்கு அனுப்புகிறார் ஒரு புதியவர். விமானச் சரக்குச் சீட்டான ஏர்வே பில்லில் "கன்சைனி", அதாவது சரக்கைப் பெறுபவர், என்ற கட்டத்தில் வாங்குபவரின் நிறுவனப் பெயரை எழுதிவிடுகிறார் ஏஜென்ட். அசல் ஆவணங்கள் தன்னிடம்தானே இருக்கின்றன, பணம் வராமல் சரக்கை எடுக்க முடியாது என்று இவர் நிம்மதியாக இருக்கிறார். இது தவறு. கப்பலில் போகும் சரக்குக்கான பில் ஆஃப் லேடிங், முறையாக எழுதப்பட்டால், சரக்கின் உரிமையைக் குறிக்கும் ஆவணம். அசலைக் காட்டினால்தான் சரக்கு கிடைக்கும். ஏர்வே பில் அப்படிப்பட்ட ஆவணமே அல்ல. கன்சைனி கட்டத்தில் பெயர் உள்ளவர் தன் அடையாளத்தைக் காட்டி, சரக்கை எடுத்துக்கொண்டு போய்விடலாம். காசு தரவில்லையே என்று இங்கிருந்து கத்துவதற்குள் காய் விற்றுத் தீர்ந்திருக்கும்.

ஆகவே விமானத்தில் அனுப்பும் முதல் சில சரக்குகளுக்கு முழுப்பணத்தையும் முன்பணமாகக் கேளுங்கள். அல்லது வாங்குபவரின் வங்கியிடம் முன்கூட்டியே சம்மதம் பெற்று, அந்த வங்கியையே கன்சைனியாக எழுதச் சொல்லுங்கள். கடல்வழி என்றால் பில் ஆஃப் லேடிங் "டு ஆர்டர்" என்று இருக்கட்டும், அசல்கள் உங்கள் வங்கி வழியாகவே போகட்டும். எல்.சி. என்கிற வங்கிக் கடனுறுதிக் கடிதத்தை அனுப்பிவிட்டேன் என்று வாங்குபவர் பிடிஎஃப் கோப்பை மின்னஞ்சலில் அனுப்பினால் அது எல்.சி. ஆகாது. உண்மையான எல்.சி. ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்கு ஸ்விஃப்ட் என்கிற வங்கிகளுக்கிடையேயான செய்தி வலையமைப்பு வழியாக வரும். உங்கள் வங்கி மேலாளர் வந்துவிட்டது என்று சொன்னால்தான் வந்தது.

பொய்யான பையர்களை அடையாளம் காண ஒரு கேள்வி போதும்: பணம் எந்தத் திசையில் போகிறது? வெளிநாட்டு அரசு டெண்டரில் சேர்க்கப் பதிவுக் கட்டணம், வழக்கறிஞர் கட்டணம், "ஒப்பந்தத்தை நோட்டரி செய்ய" கட்டணம் என்று விற்பவரான உங்களிடமே பணம் கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள். பழைய வாடிக்கையாளருடன் நடக்கும் மின்னஞ்சல் தொடர்பிலும் கவனம் வேண்டும். முகவரியில் ஒரே ஓர் எழுத்தை மாற்றி, உங்கள் பெயரில் அவருக்கு "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று எழுதி இடையில் நுழைகிறவர்கள் இருக்கிறார்கள். கணக்கு எண் மாறியதாகச் செய்தி வந்தால் ஏற்கெனவே தெரிந்த தொலைபேசி எண்ணில் உங்களை அழைத்து, குரலைக் கேட்டு உறுதிசெய்த பிறகே பணம் அனுப்பும்படி அவரிடம் சொல்லிவையுங்கள்.

வாங்குபவரின் கடன் தகுதியை விசாரிக்கவும், பணம் வராமல் போனால் இழப்பீடு பெறவும் ஈசிஜிசி என்ற மத்திய அரசு நிறுவனம் 1957-லிருந்து இயங்குகிறது. வாங்குபவர் திவாலானாலும், பணம் தராமல் இழுத்தடித்தாலும், அந்த நாட்டில் போர் மூண்டு பணம் அனுப்ப முடியாமல் போனாலும் அதன் காப்பீடு கைகொடுக்கும். சிறு ஏற்றுமதியாளர்களுக்குத் தனி பாலிசி உண்டு. ஆனால் சரக்கு போன பிறகு போய்க் கேட்டுப் பயனில்லை, போவதற்கு முன்பே எடுத்திருக்க வேண்டும். இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். பணம் வராவிட்டால் நட்டம் உங்களோடு முடிவதில்லை. ரிசர்வ் வங்கி வகுத்த காலக்கெடுவுக்குள் ஏற்றுமதிப் பணம் நாட்டுக்குள் வந்தாக வேண்டும். வராத தொகை உங்கள் பெயரில் நிலுவையாக நிற்கும், அடுத்த ஏற்றுமதிக்கே தடையாகும்.

தரம் சரியில்லை என்று சொல்லி விலையைக் குறைக்கச் சொல்வது இன்னொரு தொல்லை. சரக்கு அங்கே இறங்கிவிட்டது, குளிர்பதனக் கண்டெய்னருக்கு நாள் வாடகை ஏறிக்கொண்டிருக்கிறது, பாதி விலைக்குத் தருகிறாயா என்பார்கள். சில நேரம் புகார் உண்மையாகவும் இருக்கும். எதுவானாலும், புகார் எழுந்தால் எத்தனை நாளுக்குள் சொல்ல வேண்டும், எந்த மூன்றாம் தரப்பு ஆய்வாளர் பார்க்க வேண்டும், வழக்கு எந்த ஊரில் நடக்கும் என்பதை ஒப்பந்தத்தில் முதலிலேயே எழுதிவிட வேண்டும். ஏற்றும்போதே எடை, வெப்பநிலை, பெட்டியின் உள்பக்கம் எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள். தகராறு முற்றினால் டிஜிஎஃப்டியின் கீழ் தரப் புகார்களையும் வணிகத் தகராறுகளையும் விசாரிக்கும் குழுவிடம் முறையிடலாம். அந்த நாட்டு இந்தியத் தூதரகத்தின் வணிகப் பிரிவுக்கும் எழுதலாம். வாங்குபவரின் நிறுவனம் அங்கே உண்மையில் இருக்கிறதா என்று தொடக்கத்திலேயே கேட்கவும் அதே பிரிவை நாடலாம்.

மூன்றாவது, செய்தி. நட்டத்தைத் தடுப்பது இதுதான், ஆனால் எந்த வகுப்பும் இதை ஒழுங்காகச் சொல்லித் தருவதில்லை. 2023 ஜூலை 20 அன்று பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்குத் தடை வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் வெங்காயத்துக்கு 40 விழுக்காடு ஏற்றுமதி வரி, டிசம்பர் 8 அன்று முழுத் தடை. இந்த மாற்றங்கள் டிஜிஎஃப்டி அறிவிக்கைகளிலும் நிதி அமைச்சக அறிவிக்கைகளிலும் வந்தவை. துறைமுகத்துக்கு ஏற்கெனவே போன சரக்கு என்னாகும் என்பதும் பெரும்பாலும் அந்த அறிவிக்கையிலேயே இருக்கும். யாரோ அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியை நம்பாமல் அறிவிக்கையின் மூலத்தையே படியுங்கள்.

இறக்குமதி செய்யும் நாட்டின் விதியும் அப்படியே. 2014 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியம் இந்திய மாம்பழம், பாகற்காய், புடலங்காய், கத்தரிக்காய், சேம்பு ஆகியவற்றை நிறுத்தியது. அதற்கு முந்தைய ஆண்டில் 207 சரக்குகளில் பழ ஈ உள்ளிட்ட பூச்சிகள் இருந்ததே காரணம். பூச்சிக்கொல்லி எச்சத்துக்குத் தனி வரம்பு குறிக்கப்படாத இடங்களில் ஐரோப்பா ஏற்கும் அளவு ஒரு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். 100 டன் சரக்கில் ஒரு கிராம் என்று கணக்கிட்டுப் பாருங்கள். 2025-இல் அமெரிக்காவில் சால்மோனெல்லா கிருமித் தொற்று பரவியபோது, இந்தியாவிலிருந்து போன முருங்கை இலைத் தூளின் ஒரு தொகுதிதான் காரணம் என்று அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் கண்டது. முருங்கைத் தூளுக்குப் பணம் கொட்டுகிறது என்று படம் காட்டும் பயிற்சியாளரிடம், இலையை எந்தத் தண்ணீரில் கழுவ வேண்டும், எப்படி உலர்த்தினால் கிருமி சாகும், எந்த ஆய்வகத்தில் சோதிக்க வேண்டும் என்று கேளுங்கள். பதில் தெரியாதவரிடம் படிக்க ஒன்றுமில்லை.

செய்திக்குக் காசு வேண்டாம். எந்த நாட்டுச் சரக்கு எதற்காகத் திருப்பி அனுப்பப்பட்டது என்பதை ஐரோப்பிய ஒன்றியம் பொதுவில் வெளியிடுகிறது. எந்த நாடு எதை எவ்வளவு வாங்குகிறது என்பது அபீடாவின் அக்ரி எக்ஸ்சேஞ்ச் தளத்தில் இருக்கிறது. உள்ளூர் விலைக்குத் தமிழ்நாடு அரசின் உழவன் செயலி. விதைப்புக்கு முன்பே விலை முன்னறிவிப்பு தரும் பிரிவு கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் உண்டு. 2024 செப்டம்பரில் டிஜிஎஃப்டி தொடங்கிய டிரேட் கனெக்ட் தளமும் புதியவர்களுக்கானதுதான்.

உள்ளூர் ஏற்றுமதியாளருக்குச் சரக்கு கொடுத்துவிட்டுப் பணத்துக்கு அலைகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் தூளோ கூழோ தயாரிக்கும் குறு, சிறு நிறுவனமாக இருந்து, உத்யம் பதிவும் இருந்தால், 45 நாளுக்கு மேல் பணத்தை இழுத்தடிக்க வாங்கியவருக்கு உரிமை இல்லை. மீறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதக் கூட்டுவட்டி. இது குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான 2006-ஆம் ஆண்டுச் சட்டம் தரும் உரிமை. இதற்கென உள்ள வசதியாக்க மன்றத்தில் இணையம் வழியாகவே முறையிடலாம். வாங்கி விற்கும் வணிகராக மட்டும் இருப்பவருக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. உத்யம் பதிவு இலவசம், அதற்கும் யாரேனும் கட்டணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

வகுப்பு நடத்தியவரே ஏமாற்றினால்? தனியார் பயிற்சி மையங்கள் நுகர்வோர் சட்டத்துக்குள் வருபவை என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2020-இல் தெளிவாக்கியிருக்கிறது. வணிக நோக்கத்துக்காக வாங்கிய சேவைக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று எதிர்த்தரப்பு வாதிடலாம். சொந்த உழைப்பில் பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவருக்கு அந்த விலக்கு பொருந்தாது என்று சட்டமே சொல்கிறது. 50 லட்சம் ரூபாய் வரை கட்டிய சேவைக்கு மாவட்ட ஆணையமே போதும். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் வரை கட்டணமும் கிடையாது. முதலில் 1915 என்ற உதவி எண்ணை அழைத்துப் பாருங்கள். இணையத்தில் பணம் பறிபோயிருந்தால் அந்த நிமிடமே 1930-ஐ அழைக்க வேண்டும். பணம் கைமாறிக்கொண்டே போகும் முன்பு கணக்கை முடக்க முடியும். "கண்டெய்னரில் முதலீடு செய்யுங்கள், மாதம் இவ்வளவு உறுதி" என்று வகுப்பிலேயே யாராவது பணம் திரட்டினால் பொருளாதாரக் குற்றப்பிரிவுக்குச் சொல்லுங்கள். 2012-இல் பெருந்துறையில் ஈமு கோழி வளர்ப்பின் பேரில் ஆயிரக்கணக்கானோர் சேமிப்பை இழந்ததும் இப்படிப்பட்ட மாத வருமான வாக்குறுதியை நம்பித்தான்.

ஏமாந்தவர்களில் பலர் வெட்கத்தால் வெளியே சொல்வதில்லை. அந்த மௌனத்தால்தான் அடுத்த ஊரில் அடுத்த வகுப்பு நடக்கிறது. விளம்பரத்தின் படம், பணம் கட்டிய ரசீது, வாட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் அழிக்காமல் எடுத்து வையுங்கள், இன்றே புகாரை எழுதுங்கள். நுகர்வோர் ஆணையத்தில் முறையிட உங்களுக்கு இருக்கும் அவகாசம் இரண்டு ஆண்டு.