உங்களுக்குத் தெரியுமா? உங்கள் சருமத்துக்கு எந்த சோப்பு?

வீட்டில் நான்கு பேர் இருந்தால் நான்கு பேருக்கும் ஒரே சோப்பு என்பதுதான் நம் வழக்கம். ஆனால், நால்வரின் சருமமும் ஒரே மாதிரி இருப்பதில்லை!

● சருமம் எந்த வகை என்று வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். முகத்தைக் கழுவித் துடைத்துவிட்டு, எதையும் பூசாமல் ஒரு மணி நேரம் இருங்கள். முகம் முழுக்கப் பிசுபிசுத்தால் எண்ணெய்ப் பசை சருமம். இறுக்கமாக இழுத்தால் வறண்ட சருமம். நெற்றியிலும் மூக்கிலும் மட்டும் எண்ணெய் வழிந்தால் இரண்டும் கலந்த சருமம்.

● சருமம் இயல்பிலேயே லேசான அமிலத்தன்மை கொண்டது, அதன் பி.ஹெச். சுமார் 5. வழக்கமான சோப்பின் பி.ஹெச். 9 முதல் 10 வரை. அதாவது, அது காரம். குளித்து முடித்ததும் தோல் வெடவெடவென்று இழுக்க இதுவும் ஒரு காரணம்.

● சோப்பு போலவே இருக்கும் சில கட்டிகள் சோப்பே அல்ல. எண்ணெயையும் காரத்தையும் சேர்த்துக் காய்ச்சாமல், மென்மையான நுரைப்பொருள்களால் செய்யப்படும் 'சின்டெட் பார்' அவை. 1957இல் அமெரிக்காவில் அறிமுகமான டவ் இந்த வகைதான். பி.ஹெச். 5.5 முதல் 7 வரை இருப்பதால் வறண்ட சருமத்துக்கும் எக்ஸிமா உள்ளவர்களுக்கும் ஏற்றவை.

● சோப்பு உறையில் 'டி.எஃப்.எம்.' என்று இருப்பது, அதிலுள்ள மொத்தக் கொழுப்புப் பொருளின் அளவு. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் கணக்குப்படி 76 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் முதல் தரம்; 70க்கு மேல் இரண்டாம் தரம்; 60க்கு மேல் மூன்றாம் தரம். 'பாத்திங் பார்' என்று அச்சிட்டிருந்தால் அதில் 40 சதவீதம் இருந்தாலே போதும்.

● எண்ணெய் சோப்பாக மாறும்போது கூடவே கிளிசரினும் உருவாகிறது. சருமத்தில் ஈரத்தைப் பிடித்துவைப்பது இதுதான். பெரிய ஆலைகள் பல இதைப் பிரித்தெடுத்துத் தனியே விற்றுவிடுகின்றன. வறண்ட சருமம் உள்ளவர்கள் கிளிசரின் சேர்த்த சோப்பாகப் பார்த்து வாங்குவது நல்லது.

● தேங்காய் எண்ணெய் சோப்பு கடல் நீரிலும் நுரைக்கும். அழுக்கை அத்தனை வேகமாக எடுப்பதால், சருமத்தின் எண்ணெய்ப் பசையையும் சேர்த்தே எடுத்துவிடும். எண்ணெய் வழியும் உடம்புக்குச் சரி. வறண்ட உடம்புக்கு வேண்டாம்.

● உப்புத் தண்ணீரில் குளித்தால் உடம்பு பிசுபிசுப்பது ஏன்? போர் தண்ணீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத படிவமாகித் தோலில் ஒட்டிக்கொள்கின்றன. சின்டெட் பாரில் இந்தத் தொல்லை மிகக் குறைவு.

● 'கிருமிகளைக் கொல்லும்' சோப்புகளில் சேர்க்கப்பட்ட டிரைக்ளோசான் உள்ளிட்ட 19 வேதிப்பொருள்களுக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2016இல் தடை விதித்தது. சாதாரண சோப்பையும் தண்ணீரையும் விட அவை மேலானவை என்பதற்குத் தயாரிப்பாளர்களிடம் போதிய ஆதாரம் இல்லை.

● உறையில் வேப்பிலையும் மஞ்சளும் படமாக இருந்தாலும், காய்ச்சிச் செய்த சோப்பு காரத்தன்மை கொண்டதுதான். மூலிகை சேர்ப்பதால் அது மாறுவதில்லை. கூடுதல் வாசனை சேர்த்த சோப்பு சிலருக்கு ஒவ்வாமையையும் தரும்.

● அழுத்தித் தேய்த்தால் முகப்பரு போகாது, மோசமாகும். எண்ணெய்ப் பசை சருமத்துக்கு சாலிசிலிக் அமிலம் சேர்த்த சோப்பு உதவும். ஒரு நாளில் இரண்டு முறைக்கு மேல் வேண்டாம்.

● உடம்பு முழுக்கத் தினமும் சோப்பு போட வேண்டியதில்லை. அக்குள், தொடை இடுக்கு, பாதம் ஆகியவற்றுக்குக் கட்டாயம் வேண்டும். வியர்வையும் புழுதியும் படியாத நாளில் கை, கால்களுக்குத் தண்ணீரே போதும்.

அடுத்த முறை சோப்பு வாங்கும்போது உறையின் முன்பக்கப் படத்தோடு நின்றுவிடாதீர்கள். திருப்பிப் பார்த்து தரத்தையும் சேர்மானங்களையும் படியுங்கள். எந்த சோப்பைப் போட்டாலும் அரிப்பும் தடிப்பும் தொடர்ந்தால், சோப்பை மாற்றிக்கொண்டே இருக்காமல் தோல் மருத்துவரைப் பாருங்கள்.