வாசகர் வாய்மொழி – 11: அம்மாவை யார் மன்னிப்பது?

சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’யை மாத்தளையில் சிலரிடம் படிக்கக் கொடுத்திருப்பதாகச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். கைமாறிப் போன பிரதிகளில் ஒன்று இன்னும் திரும்பவில்லை. ஆனால் புத்தகத்தைப் பற்றிய சண்டை சுடச்சுட வந்து சேர்ந்துவிட்டது.

படிக்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2004இல் காலச்சுவடு வெளியிட்ட நாவல் இது. தமிழ்நாட்டின் ஒரு சிறு முஸ்லிம் ஊரில், அநேகமாக வீட்டுக்குள்ளேயே நடக்கிறது. ராபியா, மதினா என்ற இரண்டு சிறுமிகளின் சிநேகத்தோடு தொடங்கி அவர்களின் அம்மாக்கள், பெரியம்மாக்கள், சித்திகள், அண்டை வீட்டுப் பெண்கள் என்று விரிகிறது. முற்றத்தில் கூடி உட்கார்ந்து பெண்கள் பேசுகிற பேச்சுதான் பாதி நாவல். ஆண்கள் வருவார்கள், சாப்பிடுவார்கள், தீர்ப்புச் சொல்வார்கள், போய்விடுவார்கள்.

படித்த எல்லோருக்கும் பிடித்தது அந்தச் சிநேகம். அதில் இரண்டு கருத்து இல்லை. சண்டையெல்லாம் அம்மாக்களைப் பற்றித்தான்.

உக்குவளைப் பக்கம் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். புத்தகத்துக்குப் பழைய பத்திரிகைத் தாளில் உறை போட்டுத்தான் பஸ்ஸில் கொண்டுபோனார். திருப்பித் தரும்போதும் உறை அப்படியே இருந்தது. “எழுத்து நல்லா இருக்கு, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனா எங்கட உம்மாமாரை இப்படிச் சந்தியில கொண்டுவந்து நிறுத்தத் தேவையில்லை” என்றார். முற்றத்துப் பேச்சில் வரும் படுக்கையறைச் சங்கதிகள் அவரைக் கூச வைத்திருக்கின்றன. அதைவிடப் பெரிய குறை பிர்தவ்ஸின் கதை. பிடிக்காத கணவனோடு வாழ மறுத்துத் திரும்பி வந்தவள் பிர்தவ்ஸ். பிற்பாடு வேற்று மதத்து ஆண் ஒருவனோடு அவளுக்கு ஏற்படும் உறவு தெரியவந்ததும், அவளைப் பெற்ற ஆமினாவே விஷம் குடிக்க வைக்கிறாள். “ஒரு தாய் அப்படிச் செய்வாளா மகன்?” என்று என்னைக் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. சொல்லவும் அவர் விடவில்லை.

அவருடைய மருமகளும் அதே பிரதியைப் படித்திருக்கிறார், மாமி அறியாமல் அல்ல, அறிந்தே. சட்டம் படித்தவர். “மாமி ஆமினாவைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறா. எனக்கு வஹிதாவைக் கட்டிக் கொடுத்த இடம்தான் ஆறேல்லை” என்றார். நாவலில் மணப்பெண்ணாகும் வஹிதாவை யாரும் அடித்து மணவறைக்கு இழுத்துக்கொண்டு போகவில்லை. நகை பார்த்தார்கள், துணி எடுத்தார்கள், சிரித்தார்கள். அவளிடம் கேட்க வேண்டும் என்று மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

அவர் இதைச் சொன்னபோது எனக்கு நாவல் தமிழ்நாட்டில் நடக்கிறது என்பதே மறந்துபோயிற்று. நம்முடைய 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தில், விவாகப் பதிவில் மணப்பெண் கையொப்பமிட வேண்டும் என்ற கட்டாயம் வைக்கப்படவில்லை. அவளுக்காக வலி எனப்படும் ஆண் பாதுகாவலர் ஒப்பமிட்டால் போதும். காதியார் அனுமதித்தால் பன்னிரண்டு வயது நிரம்பாத பிள்ளையின் விவாகத்தைக்கூடப் பதிய அதில் இடமிருந்தது. நாட்டின் பொதுச் சட்டம் 1995இலேயே திருமண வயதைப் பதினெட்டுக்கு உயர்த்திவிட்டது. முஸ்லிம் சட்டத்தைத் திருத்துவது பற்றி ஆராய 2009இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் ஒரு குழுவை அமைத்தார்கள். அறிக்கை கையளிக்கப்பட்டது 2018இல். ஒன்பது வருடத்தில் ஒரு வஹிதா பிறந்து நாலாம் வகுப்புக்கே போய்விடுவாள்.

ரத்தோட்டைத் தோட்டமொன்றில் முன்பள்ளியில் படிப்பிக்கிற பெண்ணின் வாசிப்பு முற்றிலும் வேறு. அவர் பிர்தவ்ஸையும் தொடவில்லை, வஹிதாவையும் தொடவில்லை. நேரே நூரம்மாவிடம் போய்விட்டார். நூரம்மா ஏழை. அவளுடைய மகள் பாத்திமா, முஸ்லிம் அல்லாத ஒருவனோடு ஊரை விட்டுப் போய்விடுகிறாள். போனவளைப் பிடிக்க முடியாத ஊர் அகப்பட்ட தாயைத் தண்டிக்கிறது. “மகள் போனதுக்கு அம்மாவக் கேக்குறாங்க சார். எங்க வீட்டுல அம்மா போனாங்க, அதுக்கும் அம்மாவத்தான் கேட்டாங்க” என்றார். இவர் சிறுமியாக இருந்தபோது தாய் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போயிருக்கிறார். பாட்டியோடு லயத்துக் காம்பராவில் வளர்ந்தவர். லயமே கூடி அந்தத் தாயைப் பேசியது. குடித்துக்கொண்டு கிடந்த தகப்பனை யாரும் ஒரு சொல் சொல்லவில்லை.

அரசாங்கமும் லயம் போலத்தான் யோசித்தது. வெளிநாட்டு வேலைக்குப் போகிற பெண் குடும்பப் பின்னணி அறிக்கை காட்ட வேண்டும், ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் போக முடியாது என்று 2013இல் சுற்றறிக்கை போட்டது. பிள்ளையின் தகப்பன் போவதற்கு அப்படி எந்த அறிக்கையும் கேட்கப்படவில்லை. 2022இல் டொலர் தட்டுப்பாடு வந்ததும் அந்த ஐந்து வயது இரண்டாகக் குறைந்தது. தாய்ப்பாசத்தின் அளவுகோல் மத்திய வங்கியின் கையிருப்பைப் பொறுத்தது என்று அப்போதுதான் தெரிந்தது.

அம்மாவைப் பற்றிய இதே மாதிரியான சண்டை அமெரிக்காவின் தென்பகுதியில் பிறந்த ஒரு நாவலுக்கும் நடந்தது. லூசியானா மாநிலத்துக்காரரான ரெபெக்கா வெல்ஸ் 1996இல் எழுதிய ‘டிவைன் சீக்ரெட்ஸ் ஆஃப் த யா-யா சிஸ்டர்ஹுட்’. நான்கு தோழிகள், சிறுவயது முதல் கிழவிகளாகும்வரை பிரியாதவர்கள். அவர்களில் ஒருத்தியான விவிக்கும் அவள் மகள் சிட்டாவுக்கும் முறிந்துபோன உறவை மற்ற மூவரும் ஒட்டவைக்கிறார்கள். புத்தகம் லட்சக்கணக்கில் விற்றது. பெண்கள் ஊர் ஊராக ‘யா-யா’ குழுக்கள் அமைத்தார்கள். 2002இல் படமும் வந்தது. மறுபக்கம், பிள்ளைகளைப் பெல்ட்டால் விளாசிய ஒரு தாயைத் தோழிகளின் கலகலப்புக்காக எப்படி மன்னிப்பது என்று கோபப்பட்ட வாசகர்களும் இருந்தார்கள். அந்த வீட்டுப் பிள்ளைகளை வளர்த்த கறுப்பினப் பணிப்பெண்ணின் கதை ஏன் ஓரத்திலேயே நின்றுவிட்டது என்று கேட்டவர்களும் உண்டு. என் கட்சி கோபப்பட்டவர்கள் கட்சி. வெல்ஸ் மன்னிப்பைக் கொஞ்சம் மலிவாகக் கொடுத்துவிட்டார்.

சல்மா கொடுக்கவில்லை. குற்றப்பத்திரிகையும் எழுதவில்லை. ஆமினாவை அரக்கியாக்கியிருந்தால் உக்குவளை ஆசிரியைக்கு இவ்வளவு வலித்திருக்காது. எங்கேயோ ஒரு கெட்டவள் என்று மூடி வைத்திருப்பார். ஆமினா அன்பான தாய். அந்த அன்போடுதான் விஷத்தைக் கொண்டுவருகிறாள். ஊர் நாளைக்கு என்ன சொல்லும் என்ற பயத்தை ஆண்கள் பேச்சளவில் வைத்துக்கொள்கிறார்கள். அதைச் செயலாக்கும் வேலை அம்மாக்களின் தலையில் விழுகிறது. பள்ளிக்கூடத்தை நிறுத்துவது, சிநேகிதி வீட்டுக்குப் போகாதே என்பது, வெளிவாசலில் நிற்காதே என்பது, எல்லாம் அம்மா குரலில்தான் வருகின்றன. ராபியாவுக்கும் மதினாவுக்கும் நடுவே சுவர் எழுப்புவது எந்த ஜமாத்தும் இல்லை, சமையலறையிலிருந்து வரும் அந்தக் குரல்தான். முஸ்லிம்களைக் காட்டிக்கொடுத்த நாவல் என்று ஏசுகிறவர்களும், மதத்தை எதிர்த்த புரட்சி நாவல் என்று தூக்கிப் பிடிக்கிறவர்களும் இந்த இடத்தைத் தாண்டி ஓடிவிடுகிறார்கள்.

சல்மாவின் சொந்த வாழ்க்கையே இதற்குச் சாட்சி. திருச்சி மாவட்டம் துவரங்குறிச்சியில், பதின்மூன்று வயது வாக்கில் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தப்பட்டவர். அவரை வீட்டோடு வைத்திருந்ததிலும் கட்டிக்கொடுத்ததிலும் அவருடைய அம்மாவுக்குப் பங்கு உண்டு. கல்யாணத்துக்குப் பிறகு அவர் ஒளித்து எழுதிய கவிதைகளை யாருக்கும் தெரியாமல் வாங்கிக்கொண்டு போய்ப் பத்திரிகைகளுக்கு அனுப்பி வைத்ததும் அதே அம்மாதான். கிம் லாங்கினொட்டோ 2013இல் எடுத்த ‘சல்மா’ ஆவணப்படத்தில் இந்த இரண்டையும் பார்க்கலாம். பின்னாளில் சல்மா பொன்னம்பட்டிப் பேரூராட்சித் தலைவியானார். 2025இல் மாநிலங்களவை உறுப்பினரும் ஆனார்.

நாவலில் குறை இல்லாமல் இல்லை. பாத்திரங்களின் கூட்டம் அதிகம். யாருக்கு யார் மச்சி, யார் மாமி என்று முதல் நூறு பக்கம் வரைக்கும் ஒரு துண்டுத்தாளில் எழுதி வைத்துத்தான் படித்தேன். சொன்ன துயரமே வேறு வீட்டில் திரும்ப வருகிறது. ஆண்களில் ஒருவன்கூட முழு ஆளாக மனதில் நிற்கவில்லை. இதை முன்பள்ளி ஆசிரியையிடம் சொன்னபோது, “ஆம்பளைங்க எழுதின கதையில பொம்பளைங்க அப்படித்தானே சார் வாராங்க” என்றார்.

ஊர்ப்பெயரை முன்னால் போட்டுக்கொண்டு எழுதிய மாத்தளை சோமு, மாத்தளை வடிவேலன், மாத்தளை கார்த்திகேசு என்று இங்கே பெயருக்குக் குறைவில்லை. பெரும்பாலும் ஆண்கள். மாத்தளைப் பெண் ஒருத்தி தன் தாயைப் பற்றி, கூசாமல், போற்றாமல், தூற்றாமல் எழுதிய நாவலொன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன். தெரிந்தவர்கள் ஆசிரியர் முகவரிக்கு எழுதுங்கள். எழுதி வைத்துவிட்டு ஒளித்து வைத்திருப்பவர்கள் இருந்தால் அவர்களும்தான்.

அடுத்த வாரம், ஒரு பெண் எழுதிய முன்னோடி மலையக நாவலான கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’. 1964இல் வந்தது. வீட்டில் பிரதி வைத்திருப்பவர்கள் அதற்குள் ஒருமுறை படித்து வையுங்கள். கையோடு, என்னுடைய சல்மா பிரதி யாரிடம் நிற்கிறதோ அவர் தயவுசெய்து அடுத்தவருக்குக் கொடுத்துவிடுங்கள். மூன்று பேர் காத்திருக்கிறார்கள்.