வளர்ந்த பூனையும் புதுக் குட்டியும்

வளர்ந்த பூனை இருக்கும் வீட்டுக்குப் புதிதாக வரும் குட்டி, அந்தப் பூனையைப் பொறுத்தவரை அத்துமீறி நுழைந்த அந்நியன். வீட்டுப் பூனையின் மூதாதையான ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை தனித்து வேட்டையாடி, தன் எல்லையைத் தானே காத்துக்கொள்ளும் விலங்கு. அந்தக் குணம் சோபாவில் தூங்கும் பூனையிடமும் மிச்சமிருக்கிறது. கன்னத்தையும் முகவாயையும் கதவு நிலையிலும் நாற்காலிக் காலிலும் உரசி, அங்குள்ள சுரப்பிகளின் வாசனையால் அது வீட்டைத் தனதாக்கி வைத்திருக்கிறது. ‘அதுகளே பழகிக்கொள்ளும்’ என்று முதல் நாளே இரண்டையும் எதிரெதிரே விட்டால், அன்று பிடித்த பயம் மாதக்கணக்கில் போகாமல் இருக்கலாம்.

முதலில் மருத்துவர்

தெருவிலிருந்து எடுத்துவந்த குட்டியானாலும் விலைக்கு வாங்கியதானாலும், நேராகக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோவதே முறை. உண்ணி, தெள்ளுப்பூச்சி, குடற்புழு, காதுச் செள் ஆகியவை குட்டிகளிடம் சாதாரணம். படர்தாமரை மனிதருக்கும் ஒட்டும். இவற்றைவிடக் கொடியது பூனைப் பார்வோ என்று அழைக்கப்படும் வைரஸ் நோய். வாந்தி, வயிற்றுப்போக்கு, வெள்ளையணுக் குறைவு என்று தொடங்கிச் சில நாளில் குட்டியைக் கொன்றுவிடும். தடுப்பூசி போடாத பெரிய பூனையையும் அது விடாது. இந்த நோய்க்கான தடுப்பூசியைக் குட்டிக்கு 6 முதல் 8 வார வயதில் தொடங்கி, 3, 4 வாரத்துக்கு ஒருமுறை என 16 வாரம் வரையாவது தொடர வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசி ஏறத்தாழ 12 வாரத்தில் போடப்படும். மறைந்திருக்கும் நோய் வெளிப்பட அவகாசம் தேவை என்பதால், குட்டியை இரண்டு வாரம் தனி அறையில் வைப்பது நல்லது.

அந்த அறையை ஃபினாயிலால் துடைக்கக் கூடாது. அதிலுள்ள ஃபீனால் வகைப் பொருள்களைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. தரையில் நடந்த பாதத்தை நக்கினாலே நஞ்சு உள்ளே போய்விடும். அன்றாடச் சுத்தத்துக்குச் சோப்பு நீரே போதும்.

வாசனை வழி அறிமுகம்

தனிமையில் வைக்கும் நாட்கள் வீண்போவதில்லை. மருத்துவர் தொற்று இல்லை என்று சொன்னதும், குட்டியின் கன்னத்தில் தடவிய துணியைப் பெரிய பூனை புழங்கும் இடத்திலும், பெரிய பூனையின் துணியைக் குட்டியின் அறையிலும் போடலாம். துணியைப் பார்த்துச் சீறினால் கவலையில்லை. முகர்ந்துவிட்டுக் கண்டுகொள்ளாமல் போகும்வரை பொறுத்திருந்தால் போதும். பிறகு மூடிய கதவின் இருபுறமும் ஒரே நேரத்தில் உணவு வைத்து, நாளுக்கு நாள் தட்டுகளைக் கதவை நோக்கி நகர்த்தலாம். அந்த வாசனை வந்தால் சோறும் வரும் என்பது மனதில் பதிவதே இதன் பயன்.

நேரில் பார்க்கும் கட்டம்

கம்பி வலை போட்ட கொசுவலைக் கதவு இருந்தால் வேலை எளிது. நைலான் வலை நகத்துக்குத் தாங்காது. வலைக்கு அப்பால் சில நிமிடம் பார்க்கவிட்டு, இரண்டுக்கும் பிடித்த தீனியைக் கொடுக்க வேண்டும். ஒரே அறையில் விடும்போது குட்டியை முன்பே விளையாட்டுக் காட்டிக் களைப்பாக்குவது உதவும். வாலைப் பிடித்து இழுக்கும் குட்டியாலும் சண்டை வரும்.

சீறுவதும், நகம் நீட்டாமல் ஓர் அடி கொடுப்பதும் பெரிய பூனை குட்டிக்கு எல்லை கற்பிக்கும் விதம். அதற்காகத் திட்டுவது தவறு. காது தலையோடு படிந்து, வால் அடித்து, பார்வை குத்திட்டு நின்றால் அட்டையை நடுவே நீட்டிப் பிரித்துவிட வேண்டும். கையை நடுவே விடக் கூடாது. கடி பட்டால் 15 நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவி மருத்துவரைப் பார்ப்பது கட்டாயம்.

மலம் கழிக்கும் மணல் தட்டுகள் இரண்டு பூனைக்கு மூன்று வேண்டும், அதுவும் வெவ்வேறு இடங்களில். ஒரு பூனை வழியில் சும்மா உட்கார்ந்தே மற்றதைத் தடுத்துவிடும். இது சத்தமில்லாத சண்டை என்பதால் வீட்டாரின் கண்ணில் படுவதில்லை.

பெரிய பூனையின் உடல்நிலை

எல்லார் கண்ணும் குட்டிமேல் இருக்க, நோயில் விழுவது மற்றதாகவும் இருக்கலாம். மன அழுத்தத்தால் சாப்பிடாமல் கிடக்கும் பூனைக்கு, குறிப்பாகப் பருத்ததற்கு, சில நாளிலேயே கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். அழுத்தம் சிறுநீர்ப்பை அழற்சியையும் தூண்டும். கடுவன் பூனை முக்கியும் சிறுநீர் வராமல் தவித்தால் அது மலச்சிக்கல் அல்ல, குழாய் அடைப்பாக இருக்கலாம். அன்றைக்கே சிகிச்சை தேவை. வலிக்கு என்று நம் மாத்திரையைக் கொடுத்துவிடக் கூடாது; பாராசிட்டமால் ஒரு மாத்திரைகூடப் பூனையைக் கொல்லக்கூடும்.

எவ்வளவு காலம்

சில பூனைகள் சில வாரங்களில் பழகும், சிலவற்றுக்கு மாதங்கள் ஆகும். கட்டிப்பிடித்துத் தூங்காவிட்டாலும், ஒன்றையொன்று பொருட்படுத்தாமல் நிம்மதியாக உண்டு உறங்கினாலே முயற்சி பலித்தது எனலாம். மூட்டுவலியுள்ள முதிய பூனைக்குக் குட்டி வர முடியாத ஒதுக்கிடம் ஒன்று வேண்டும். குட்டிகள் 4 மாதத்திலேயே பருவமடையக்கூடும். பெரியது கருத்தடை செய்யப்படாத எதிர்பாலினம் என்றால், குட்டிக்கு 4 மாதம் ஆவதற்குள் கருத்தடை பற்றி மருத்துவரிடம் பேசி முடிவெடுக்க வேண்டும்.