முற்பகலில் தூரிகை, பிற்பகலில் வரைகோல்

கட்டடக் கலையையும் ஓவியக் கலையையும் இருவேறு துறைகளாகவே நாம் எண்ணி வருகிறோம். ஒன்று அளவுக்கும் கணக்குக்கும் கட்டுப்பட்டது. மற்றொன்று மனத்தின் போக்கிற்கு இடந்தருவது. இவ்விரண்டையும் ஒரே வாழ்வில் இணைத்தவர், சண்டிகர் நகரை உருவாக்கிய லெ கொர்பூசியே ஆவார். அவர்தம் பிற்கால ஓவிய வாழ்வை ஈண்டுச் சுருங்கக் காண்போம்.

மறைந்திருந்த ஓவியர்

சுவிட்சர்லாந்தில் 1887-இல் பிறந்த இவருடைய இயற்பெயர் ஷார்ல் எதுவார் ழான்னெரே. இளமையில் கடிகாரக் கூடுகளில் சித்திரம் செதுக்கும் தொழிலைப் பயின்றார். பின்னர்ப் பாரிசில் குடியேறி எண்ணெய் வண்ண ஓவியம் தீட்டலானார். 1918-இல் ஒரு கண்ணின் பார்வையை இழந்தபோதும் தூரிகையைக் கைவிட்டாரல்லர். கட்டடக் கலைஞராகப் புகழ் பெற்ற காலத்தில், 1923 முதல் 1938 வரை, தம் ஓவியங்களைப் பொதுக்காட்சிக்கு வைக்கவில்லை. எனினும் முற்பகல் ஓவியத்திற்கு, பிற்பகல் அலுவலகத்திற்கு என்னும் ஒழுங்கு தொடர்ந்தது. தம் கட்டடங்களின் உட்பொருளை ஓவியத்தில்தான் தேட வேண்டும் என்பது அவர்தம் உறுதியான கருத்து.

படைப்பு முறை

தொடக்கத்தில் புட்டி, குவளை, கித்தார் ஆகியவற்றை வரைந்த அவர், பின்னர்க் கூழாங்கல், எலும்பு, சிப்பி முதலியவற்றைச் சேகரித்து அவற்றின் வடிவங்களில் ஆழ்ந்தார். சிறு குறிப்பேடுகளில் வரைந்தவற்றைப் பல்லாண்டுகளுக்குப் பின்னும் எடுத்துத் திருத்தி வரைவது அவர் வழக்கம். பழைய ஓவியம் ஒன்றைப் பக்கவாட்டில் திருப்பி நோக்கியபோது புலப்பட்ட உருவமே, 1952 முதல் 'காளைகள்' என்னும் ஓவிய வரிசையாக வளர்ந்தது. கடற்கரையில் கண்டெடுத்த நண்டின் ஓடு, 1955-இல் நிறைவுற்ற ரோன்ஷாம் தேவாலயத்தின் கூரைக்கு வழிகாட்டியது. ஓவியரின் கண் கண்டதைக் கட்டடக் கலைஞரின் கை எழுப்பியது எனலாம்.

பிற்கால வாழ்வு

பெருநகரங்களைத் திட்டமிட்ட இம்மனிதர், தமக்கென மத்தியதரைக் கடலோரம் அமைத்துக்கொண்டது 3.66 மீட்டர் நீள அகலமுடைய மரக்குடில் ஒன்றே. சண்டிகர் உயர்நீதிமன்றத்திற்கு அவர் வரைந்த பெருந்திரைச்சீலைகளைக் காசுமீர நெசவாளர்கள் நெய்து தந்தனர். அந்நகரின் சட்டமன்றப் பெருங்கதவை எனாமல் தகடுகளில் தாமே வண்ணந்தீட்டி அணிசெய்தார். கொடுக்கவும் கொள்ளவும் விரிந்த 'திறந்த கை' என்னும் உருவத்தையும் மீண்டும் மீண்டும் வரைந்தார். 1965 ஆகஸ்ட் 27-ஆம் நாள் கடலில் நீந்தச் சென்றவர் உயிருடன் மீளவில்லை. அவர் கண்ணால் காணாத அத்திறந்த கை, 1985-இல் சண்டிகரில் 26 மீட்டர் உயரத்தில் எழுந்தது.

அவரிடம் குறையே இல்லை என நாம் கூறவில்லை. ஐலீன் கிரே என்னும் பெண் கலைஞர் வடிவமைத்த வீட்டின் சுவர்களில் அவருடைய இசைவின்றி ஓவியந்தீட்டி, அவர் மனத்தைப் புண்படுத்தினார். பிறர் படைப்பை மதியாத கலை, எத்துணை உயர்ந்ததாயினும், மாசுடையதே.

எனினும், கண்டு பாராட்டுவார் இல்லாத நாளிலும் தம் காலைப்பொழுதைக் கலைக்கென ஒதுக்கிவைத்த அவர்தம் விடாமுயற்சி, நாம் எண்ணிப் பார்க்கத்தக்கது. பிழைப்புக்குரிய கல்வியைப் பயிலும் மாணவர், தம் உள்ளத்துக்குரிய கலைக்கும் நாளில் ஒரு நாழிகை ஒதுக்குவாராயின், அதுவே இதற்கும் ஒளிதரும். இருதுறையும் ஒன்றையொன்று வளர்க்கும் என்பதற்கு அவர் வாழ்வே சான்று.